மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு ரோம் வெயில் ஒரு பொருட்டா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உங்களுக்கு மியூனிக்கில் வேலை. மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூலை நடுவில் வந்து உங்களோடு தங்குகிறார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் பள்ளி விடுமுறை என்பதால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நான்கு நாள் ரோம், அதில் ஒரு நாள் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பெய். அந்த வெயிலிலும் கூட்டத்திலும் பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டுமா என்று உங்கள் மனைவி கேட்கிறார். அக்கினி நட்சத்திரத்தையே பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று எனக்குப் படுகிறது. கொலோசியத்தையும் வத்திக்கானையும் விட்டுவிடக் கூடாது, அதே சமயம் திரும்பி வரும்போது யாரும் படுக்கையில் விழுந்திருக்கவும் கூடாது. அது முடியுமா, முடியும் என்றால் எப்படி? இதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப்போகும் டூர் மேனேஜராகப் பல வருடங்களாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். சிற்பத்தைப் பற்றியும் சீசரைப் பற்றியும் பேசுவதற்கு உள்ளூர் கைடு உண்டு. யாருக்கு முட்டி வலிக்கிறது, யார் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, யாருடைய பேச்சு திடீரென்று குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. நான் மருத்துவன் இல்லை. உடம்பைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்வது எண்களின்படி சரிதான். ரோமில் ஆகஸ்டில் சராசரி உச்ச வெப்பம் 31, 32 டிகிரி. மதுரையின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: மதுரையில் மே மாதம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் கடைசியாக நான்கு கிலோமீட்டர் நடந்தது எப்போது? நடந்திருக்கவே மாட்டார். அந்த நேரத்தில் ஃபேனுக்கு அடியில் இருந்திருப்பார், வாசல் கதவு சாத்தியிருக்கும், பக்கத்தில் மோர் இருந்திருக்கும். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் ஆட்டோ பிடித்திருப்பார். ரோமில் சுற்றுலாப் பயணி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறார், அதுவும் சமமில்லாத கருங்கல் பாவிய தெருக்களில். நடக்காத நேரத்தில் வரிசையில் நிற்கிறார். என் குழுக்களில் ஆட்கள் சோர்ந்து உட்காருவது பெரும்பாலும் நடக்கும்போது இல்லை, நிழலில்லாத வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான்.

இன்னொரு விஷயம் நம் ஊர்க்காரர்களை ஏமாற்றுவது. கோடையில் இத்தாலி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ரோமில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றேகாலுக்கு. மறைவது இரவு எட்டரைக்கு. மதுரையில் ஐந்து மணி என்றால் வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்பலாம் என்று பழகிய கணக்கு இங்கே செல்லாது. ரோமில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் இருக்கும் உயரம், மதுரையில் நான்கு மணிக்கு இருக்கும் உயரம். போதாததற்கு, காலையிலிருந்து காய்ந்த கல்லும் சுவரும் அப்போதுதான் சூட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கும். தூங்கி எழுந்து நான்கு மணிக்கு உற்சாகமாகக் கிளம்புகிற குழு ஆறு மணிக்கு முகம் வாடித் திரும்புவதற்கு இதுதான் காரணம். ஆறுக்கு முன்னால் கிளம்பாதீர்கள். இருட்டுவதற்கு அப்புறமும் இரண்டரை மணி நேரம் இருக்கும்.

சரி, வெயில் பழகிய உடம்பு என்பது பொய்யா? பொய் இல்லை. வெப்பத்தில் தொடர்ந்து இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் போகும் உப்பும் குறைகிறது. ஆனால் குளிர்ந்த இடத்துக்குப் போனால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் தேய்ந்துவிடும். உங்கள் பெற்றோர் மியூனிக்கின் இதமான காற்றில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் ரோமுக்கு வருகிறார்கள். அப்பா நம்பிக்கொண்டிருக்கும் கையிருப்பில் ஒரு பகுதி அதற்குள் கரைந்திருக்கும். வயதானால் தாகம் தெரிவதும் குறையும். இவை இரண்டும் மருத்துவர்கள் உறுதியாகச் சொல்பவை. ரோமில் பகல் காற்று உலர்வாக இருக்கும் நாட்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், நனைந்த சட்டையைப் பார்த்து எச்சரிக்கையாகும் நம் வழக்கமும் உதவாது.

உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் போகும் அந்த நான்கு நாள் சாதாரண ஆகஸ்டாக இருக்குமா, வெப்ப அலையாக இருக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. 2023 ஜூலையில் ரோம் 40 டிகிரியைத் தாண்டியது. அப்படி ஒரு வாரம் வாய்த்தால் நான் கீழே சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் வெப்பத்தால் இறந்தவர்கள் 70,000க்கும் அதிகம் என்று பிறகு கணக்கிட்டார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அதற்குப் பிறகுதான் இத்தாலியும் விழித்துக்கொண்டது. சுகாதார அமைச்சகம் கோடை முழுக்க ரோம் உட்பட 27 நகரங்களுக்கு வெப்ப அறிவிப்பு வெளியிடுகிறது, அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலை. கடைசி நிலையான சிவப்பு என்றால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஆபத்து என்று பொருள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து தினமும் அதைப் பாருங்கள். போனில் தெரியும் டிகிரியைவிட அந்த நிறம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எனவே பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், ஆனால் ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டுங்கள். காலை ஏழிலிருந்து பதினொன்றரை வரை ஒரு பாதி, மாலை ஆறிலிருந்து பத்து வரை இன்னொரு பாதி. நடுவில் சாப்பாடும் அறையும் தூக்கமும். இதற்கு நீங்கள் இப்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம், தங்குமிடத்தை ஊரின் நடுவில் எடுப்பது. புறநகரில் மலிவாக எடுத்தால் மதியம் திரும்பி வரவே மனம் வராது, அப்படியே வெளியில் திரிவீர்கள். வீடு வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஏசி இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஹாலில் மட்டும் ஒரு ஏசி வைத்துவிட்டு 'ஏசி உண்டு' என்று போடுகிறவர்கள் உண்டு.

கொலோசியத்துக்குக் காலையில் கிடைக்கும் முதல் நேரத்தை எடுங்கள். கோடையில் எட்டரைக்குத் திறக்கிறார்கள். ரோமானியர்களின் இந்தப் பெரிய வட்ட அரங்கை கி.பி. 80இல் திறந்தபோது ரசிகர்களுக்கு மேலே பெரிய துணிப் பந்தல் இருந்தது. அதை இழுத்துக் கட்டவும் சுருட்டவும் கடற்படை மாலுமிகளையே வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பந்தல் இல்லை. பத்து மணிக்கு மேல் அந்தக் கிண்ணம் அடுப்பில் வைத்த வாணலிதான். மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, பெரியவர்களுக்காகக் கேளுங்கள். அதே டிக்கெட்டில், பழைய ரோமின் நகர மையமாக இருந்த ஃபோரத்தின் இடிபாடுகளும் அதை ஒட்டிய பாலட்டைன் குன்றும் சேர்ந்து வரும், காசு கொடுத்தாகிவிட்டதே என்று எல்லோரும் நேரே அங்கேதான் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். ஃபோரம் ஒரு பள்ளம். காற்று வராது, நிழல் இல்லை, பழைய ரோமானியப் பாதையின் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். அதற்குப் பதிலாக அன்று மாலையோ மறுநாளோ கேம்பிடோலியோ சதுக்கத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். மொத்த ஃபோரமும் கீழே விரிந்து கிடக்கும், கடைசியில் கொலோசியம் தெரியும். கட்டணம் கிடையாது, விளக்கு போட்ட பிறகு இன்னும் அழகு. கொலோசியத்திலிருந்து வெளியே வந்ததும் நான் குழுக்களை அழைத்துப்போவது சான் கிளெமென்டே தேவாலயத்துக்கு. நடக்கிற தூரம்தான். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்குக் கீழே 4ஆம் நூற்றாண்டினது, அதற்கும் கீழே ரோமானியக் கட்டடமும், மித்ரா என்ற கடவுளை ரோமானியர்கள் வழிபட்ட அறையும். டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே இறங்க இறங்கச் சில்லென்று இருக்கும், அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். படிகள் உண்டு, முட்டி ஒத்துழைக்காதவர்கள் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். மதியம் பல தேவாலயங்களைச் சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றுக்குள் உள்ளே போய்விடுங்கள்.

எந்தத் தெருவில் நடக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கி.பி. 64இல் நீரோ மன்னன் காலத்துப் பெரிய தீக்குப் பிறகு நகரத்தை அகலமான தெருக்களோடு திருப்பிக் கட்டினார்கள். அப்போதே சிலர் முணுமுணுத்தார்களாம்: பழைய குறுகிய சந்துகளில் வெயில் உள்ளே வரவில்லை, இப்போது நிழலே இல்லாமல் கொளுத்துகிறது என்று. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த முணுமுணுப்பு இன்றைக்கும் பொருந்தும். கொலோசியத்திலிருந்து பியாஸ்ஸா வெனீசியாவுக்குப் போகும் நேரான பெரிய சாலை 1932இல் முசோலினி அணிவகுப்புக்காகத் திறந்தது. கூகுள் மேப் அதைத்தான் காட்டும். மத்தியானத்தில் அதில் நடப்பது தண்டனை. பஸ்ஸிலோ டாக்சியிலோ கடந்துவிடுங்கள். பாந்தியன், பியாஸ்ஸா நவோனா, டிராஸ்டெவெரே பக்கத்துச் சந்துகளில் காலையிலும் மாலையிலும் ஏதாவது ஒரு பக்கச் சுவர் நிழல் தரும். மொட்டை மாடி டூர் பஸ் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்துகொண்டே பார்க்கலாமே என்று பெரியவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். இரவு எட்டுக்கு மேல் என்றால் சரி.

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். நகரம் முழுக்க இடுப்பளவு உயரத்தில், உருளை வடிவத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்கும், நசோனே என்பார்கள். 1874இல் வைக்க ஆரம்பித்தவை, இப்போது இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வளைந்த மூக்கிலிருந்து தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். இது குடிக்கிற தண்ணீரா என்று நம்மவர்கள் தயங்குவார்கள். குடிக்கிற தண்ணீர்தான், குளிர்ச்சியாகவும் இருக்கும். பாட்டிலைக் கீழே பிடித்து நிரப்புங்கள். நேராகக் குடிக்க வேண்டும் என்றால் மூக்கின் நுனியை விரலால் அடையுங்கள், வளைவின் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பும். பிள்ளைகள் அதிலேயே அரைமணி நேரம் கழிப்பார்கள், விட்டுவிடுங்கள். துண்டை நனைத்து அப்பாவின் கழுத்தில் போடவும் அதுவே இடம். டிரெவி போன்ற நீரூற்றுகளில் கால்களை நனைத்தால் அபராதம், அங்கே வேண்டாம். டிரெவியை மாலை ஏழு மணிக்குப் பார்க்கப் போவதில் பயனில்லை. 2024 கடைசியில் இருந்து தொட்டி அருகே ஒரே நேரத்தில் 400 பேர் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இரவு பதினொன்றுக்கோ காலை ஆறரைக்கோ போனால் ஓரளவு மூச்சு விடலாம். ஸ்பானியப் படிகளில் 2019இலிருந்து உட்காரக் கூடாது. அம்மா களைத்துப்போய் உட்கார்ந்தால் காவலர் விசில் அடிப்பார், பயந்துவிட வேண்டாம்.

வத்திக்கானில் இரண்டு வேறு வேறு இடங்கள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை. புனித பேதுரு பேராலயம் இலவசம், காலை ஏழு மணிக்குத் திறக்கும், ஏழுக்கே போனால் பாதுகாப்புச் சோதனை சில நிமிடம்தான். பத்து மணிக்கு அதே வரிசை திறந்த சதுக்கத்தில் வளைந்து வளைந்து நிற்கும். புதன்கிழமை காலை போப்பின் பொதுச் சந்திப்பு இருந்தால் நுழைய முடியாது. குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்ட் எடுத்தாலும் 320 மிச்சம். பெரியவர்களுக்கு வேண்டாம். அருங்காட்சியகம் தனி. வாசல் தனி, டிக்கெட் தனி. முன்பதிவு இல்லாமல் போனால் மதில் சுவரை ஒட்டி வெயிலில் நிற்க வேண்டும். உள்ளே போனாலும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். வரைபடக் கூடம் 120 மீட்டர் நீளம், தங்கக் கூரை, ஜன்னல் வழியாக வெயில், தோளோடு தோள் உரசும் கூட்டம். கடைசியில் வரும் சிஸ்டைன் சிற்றாலயத்தில்தான் நல்ல ஏசி, 2014இல் ஓவியங்களைக் காப்பாற்ற வைத்தது. சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், அடையாள அட்டை கொடுத்தால் போதும். அப்பா 'எனக்கா?' என்பார். வாங்கிவிடுங்கள், கால் மணி நேரத்தில் அம்மாவும் அவரும் மாறி மாறி உட்காருவார்கள். கோடையில் வெள்ளிக்கிழமை இரவிலும் திறந்து வைப்பது வழக்கம். இந்த வருட அட்டவணையில் அது இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு அருங்காட்சியகம் இலவசம், முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். இரண்டு நாளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். உங்கள் நான்கு நாளில் ஒன்று முதல் ஞாயிறாக இருக்கலாம், காலண்டரைப் பாருங்கள்.

உடைக்கட்டுப்பாடு பற்றி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புடவையை யாரும் நிறுத்த மாட்டார்கள், அப்பா வேட்டியில் வந்தாலும் தடையில்லை. அரைக்கால் சட்டை போட்ட நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள். காலில் மட்டும் தோல் செருப்பு வேண்டாம். தேய்ந்து வழுவழுப்பான கற்கள் அவை. குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொம்பெய்யை விட்டுவிடுங்கள். இது என் கருத்து, எதிர்க் கருத்து உள்ளவர்களும் உண்டு. மிகப் பெரிய இடம், மரம் அபூர்வம், உயரமான நடைக்கல், போக வர ரயில். இப்போது ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால் கூட்டத்தை நீங்களே கணக்கிடலாம். அக்டோபரில் அது தங்கமான இடம். அந்த நாளை ரோமிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு அறிவிப்பு வந்தால் பயன்படும். அன்றைக்கு டெர்மினி ரயில் நிலையம் அருகே பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள், திங்கள் விடுமுறை. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மாளிகையிலிருந்து கொண்டுவந்த ஒரு முழு அறையின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. நான்கு பக்கமும் தோட்டம்: மாதுளை, சீமை மாதுளை, பறவைகள், காற்றில் சாயும் மரங்கள். அந்த அறை மண்ணுக்குள் பாதி இறங்கி இருந்தது. கோடையில் வெயிலுக்குத் தப்பி விருந்து உண்ணக் கட்டியது என்று கருதுகிறார்கள். ரோமில் கூட்டமில்லாமல் பார்க்கக் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் அதுதான் என்பேன்.

உடம்பு விஷயம். அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அம்மாவுக்குச் சுகர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீர் பிரியும் மாத்திரையும் வேறு சில பிரஷர் மாத்திரைகளும் வெயிலில் உடம்பை அதிகம் வாட்டும். அவர்களுடைய மருத்துவரிடம் ஊரிலேயே 'இந்த மாதிரி நான்கு நாள் வெயிலில் நடக்கப் போகிறோம், அளவில் மாற்றம் வேண்டுமா' என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலத்தில் உப்பு இருப்பதால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை சேர்க்காத தயிர் எளிதாகக் கிடைக்கும், மதியம் அறையில் மோர் கரைத்துக்கொள்ளலாம். தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை என்றால் நிழல், தண்ணீர், கால்களை உயர்த்திப் படுக்கை. பேச்சு குழறினால், இடம் தெரியாமல் விழித்தால், மயங்கினால் அது வேறு வகை: உடனே 112 அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசியாக டிக்கெட். கொலோசியத்துக்கு இப்போது பெயர் போட்ட டிக்கெட்தான், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நிர்வாகத்தின் சொந்தத் தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும், காலை முதல் நேரங்கள்தான் முதலில் தீரும். 18 வயதுக்குக் கீழே இலவசம் என்றாலும் பிள்ளைகளுக்கும் இலவச டிக்கெட் எடுக்க வேண்டும். பெயர் போடும்போது அப்பாவுக்கு இனிஷியலை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் விரித்து எழுதியிருந்தால் அதே எழுத்துகள், அதே வரிசையில் இருக்கட்டும்.